மன்னித்த பிறகு 40 ஆண்டுகள்

யூதர்களின் பாவநிவாரண நாளான யோம் கிப்பூர் தொடங்கும் மாலையில், கொல் நித்ரே என்ற தொடக்க வாசகம் முடிந்த கையோடு, ஜெப ஆலயத்தில் இருக்கும் எல்லோரும் சேர்ந்து ஒரே வசனத்தை மூன்று முறை உரக்கச் சொல்வார்கள். "உன் வார்த்தையின்படியே மன்னித்தேன் என்றார் கர்த்தர்." எபிரேயத்தில் அந்தப் பதில் இரண்டே சொற்கள்: ஸலஹ்தி கித்வரேகா. ஏறத்தாழ 25 மணி நேர நோன்பு அப்போதுதான் ஆரம்பித்திருக்கும். பாவ அறிக்கைகள், மார்பில் தட்டிக்கொண்டு சொல்லும் நீண்ட பட்டியல்கள் எல்லாம் இனிமேல்தான் வரும். கேட்க வாயெடுப்பதற்குள் பதில் வந்துவிடுகிறது. ஆண்டின் மிகக் கனத்த இரவுக்கு இதைவிட ஆறுதலான தொடக்கம் கிடையாது என்றுதான் முதலில் தோன்றும்.

வசனம் எண்ணாகமம் 14:20. பிரார்த்தனைப் புத்தகம் அதோடு நிறுத்திக்கொள்கிறது. வேதத்தின் முதல் ஐந்து நூல்களான தோரா நிறுத்துவதில்லை. அடுத்த வசனத்தின் முதல் சொல் 'வெஉலாம்', அதாவது 'ஆனாலும்'. அந்த ஆனாலுமுக்குப் பின்னால் வருவது தீர்ப்பு. 20 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களாக எண்ணப்பட்ட அத்தனை பேரும் வனாந்தரத்திலேயே விழுந்து சாவார்கள். காலேபும் யோசுவாவும் மட்டும் விலக்கு. அதே நூலின் முதல் அதிகாரத்தில், லேவியரை விட்டு எண்ணிய கணக்கு 6,03,550. மன்னித்தேன் என்ற சொல்லுக்கும் இந்தத் தீர்ப்புக்கும் நடுவில் இருப்பது ஒன்பது வசனம்கூட இல்லை. அப்படியானால் மன்னித்தது எதை? இந்தக் கேள்விக்குக் கிடைத்த எந்தப் பதிலிலும் என் மனம் நெடுநாள் தங்கவில்லை. தோராவின் இன்னொரு பாவக் கதையைப் பக்கத்தில் வைத்துச் சொல்லுக்குச் சொல் ஒப்பிட்ட பிறகுதான் ஏதோ பிடிபட ஆரம்பித்தது. யாத்திராகமம் 32 முதல் 34 வரையுள்ள பொன் கன்றுக்குட்டிக் கதை அது.

ஒரே அச்சில் இரண்டு கதைகள்

இரண்டுக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான். கன்றுக்குட்டிக் கதையில் மோசே 40 பகலும் 40 இரவும் மலைமேல் இருக்கிறார். கீழே மக்கள் பொறுமையிழந்து ஆரோனைச் சூழ்ந்துகொள்கிறார்கள். எண்ணாகமம் 13, 14-இல் உள்ள வேவுகாரர் கதையில் கோத்திரத்துக்கு ஒருவராகப் பன்னிரண்டு பேர் 40 நாள் கானானைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறார்கள். பத்துப் பேர் சொன்னதைக் கேட்டு மக்கள் இரவெல்லாம் அழுகிறார்கள். முன்னதில் "எங்களுக்கு முன்னே செல்லும் தெய்வங்களைச் செய்து தாரும்" என்கிறார்கள். பின்னதில் "ஒரு தலைவனை ஏற்படுத்திக்கொண்டு எகிப்துக்குத் திரும்புவோம்" என்கிறார்கள். இரண்டிலும் கடவுள் மோசேயிடம் ஒரே யோசனையைத்தான் முன்வைக்கிறார்: இவர்களை அழித்துவிடுகிறேன், உன்னைப் பெரிய ஜாதியாக்குகிறேன். இரண்டிலும் மோசே ஒப்புக்கொள்வதில்லை. எகிப்தியர் என்ன பேசுவார்கள் என்ற வாதமும் இரண்டிலும் உண்டு. அதன்பின் இரக்கத்தின் பண்புகளை அடுக்கும் அதே வாசகம். ஒரு கதையில் அது கடவுளின் வாயிலிருந்து வருகிறது, மற்றதில் மோசேயின் வாயிலிருந்து.

பாவங்களைத் தராசில் வைத்தால் எது கனக்கும்? வேறு தெய்வங்கள் கூடாது, உருவம் செய்யக் கூடாது என்று சீனாயில் காதாரக் கேட்டு முழுதாக இரண்டு மாதம் ஆகவில்லை. அதற்குள் பெண்டிர், பிள்ளைகள் காதுகளிலிருந்த பொன் வளையங்களைக் கழற்றி உருக்கி, "உன்னை எகிப்திலிருந்து கொண்டுவந்த தெய்வங்கள் இவைகளே" என்று கூத்தாடுகிறார்கள். வேவுகாரர் கதையில் விக்கிரகம் எதுவும் இல்லை. பலமான நகரங்களையும் எபிரோனில் ஏனாக்கின் புத்திரரையும் பார்த்த பயம்தான் இருக்கிறது. போருக்குப் போக அஞ்சியவனையும் விக்கிரகம் செய்தவனையும் ஒரே நீதிபதியின் முன் நிறுத்தினால் யாருக்குத் தண்டனை குறையும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. நடந்தது நேர்மாறு. கன்றுக்குட்டிக்குப் பிறகு எல்லாம் திரும்பக் கிடைத்தது. வேவுகாரருக்குப் பிறகு அந்தத் தலைமுறைக்கு எதுவும் திரும்பவில்லை.

இதைவிடப் பெரிய முரண் ஒன்று சொற்களிலேயே ஒளிந்திருக்கிறது. யாத்திராகமக் கதையில் மக்கள் ஒருமுறைகூட "பாவம் செய்தோம்" என்று சொல்வதில்லை. ஆபரணங்களைக் கழற்றித் துக்கம் காக்கிறார்கள், அவ்வளவே. அவர்கள் சார்பில் அறிக்கை செய்பவர் மோசே. கடவுளும் "மன்னித்தேன்" என்று சொல்வதில்லை. மனம் மாறினார் என்று 32:14 சொல்கிறது; "எங்கள் அக்கிரமத்தை மன்னியும்" என்று 34:9-இல் மோசே நேராகக் கேட்கும்போது கிடைக்கும் பதில், "இதோ நான் உடன்படிக்கை செய்கிறேன்". எண்ணாகமக் கதையிலோ இரண்டு சொற்களும் சொல்லப்படுகின்றன. "மன்னித்தேன்" என்று கடவுள் சொல்கிறார், 14:20. "பாவம் செய்தோம்" என்று மக்கள் சொல்கிறார்கள், 14:40. சொற்கள் இல்லாத இடத்தில் உறவு சீரானது. சொற்கள் உள்ள இடத்தில் தண்டனை முழுதாக நிறைவேறியது. இதைக் கவனித்த பிறகு இரண்டு கதைகளையும் பழையபடி வாசிக்க முடியவில்லை.

கன்றுக்குட்டிக்குப் பின்

கன்றுக்குட்டிக் கதையில் இரக்கம் ஒரே வீச்சில் வருவதாக நினைப்பது தவறு. படிப்படியாக, கூடவே வலியோடு வருகிறது. 32:14-இல் அழிவு நீங்குகிறது. மோசே இன்னும் மலையை விட்டு இறங்கக்கூட இல்லை. இறங்கியதும் கட்டளைகள் எழுதிய கற்பலகைகளை உடைக்கிறார், கன்றுக்குட்டியைச் சுட்டெரித்து, பொடியாக அரைத்து, தண்ணீரில் தூவி மக்களையே குடிக்க வைக்கிறார். லேவியரின் வாளுக்கு ஏறக்குறைய 3,000 பேர் பலியாகிறார்கள். பிறகு ஒரு வாதையும் வருகிறது. 33-ஆம் அதிகாரத்தில் இன்னும் கடுமையான ஒன்று: தேசத்துக்குப் போங்கள், தூதனை அனுப்புகிறேன், உங்கள் நடுவே நான் வரமாட்டேன். காரணம், நீங்கள் வணங்காக்கழுத்துள்ள ஜனம்; வழியிலேயே அழித்துவிடுவேன்.

இந்த 'வணங்காக்கழுத்து' என்ற சொல்லை மோசே எப்படிக் கையாள்கிறார் என்பதை நின்று பார்க்க வேண்டும். 34:9-இல் அவர் கேட்பது இது: "ஆண்டவர் எங்கள் நடுவே வாரும், ஏனென்றால் இது வணங்காக்கழுத்துள்ள ஜனம்." கடவுள் வராமல் இருக்கச் சொன்ன அதே காரணம், வரவேண்டியதற்குக் காரணமாகிவிடுகிறது. மொழிபெயர்ப்புகளில் சில அந்த 'கீ' என்ற எபிரேயச் சொல்லை 'ஆனாலும்' என்று மென்மையாக்கிவிடும். ஏனென்றால் என்று வாசிப்பதுதான் நேர்ப்பொருள் என்று நினைக்கிறேன். நல்ல பிள்ளைகளுக்குத் தூதன் போதும், இவர்களுக்கு நீர்தான் வேண்டும் என்கிறார்.

பிறகு சீர்செய்யும் வேலை தொடங்குகிறது. முதல் பலகைகள் கடவுளே செய்தவை. இரண்டாம் பலகைகளை மோசே வெட்டிக்கொண்டு வர வேண்டும். காதணி கொடுத்த மக்களே இப்போது ஆசரிப்புக்கூடாரத்துக்குக் காதணி கொண்டுவருகிறார்கள். போதும் நிறுத்துங்கள் என்று பாளயமெங்கும் அறிவிக்கும் அளவுக்கு வந்து குவிகிறது. 38:24 கணக்குப்படி பொன் மட்டும் 29 தாலந்தும் 730 சேக்கலும். அடுத்த வசனங்களில் உள்ள வெள்ளிக் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் ஒரு தாலந்து 3,000 சேக்கல் என்று வரும். ஆக 87,730 சேக்கல். கன்றுக்குட்டிக்கு எத்தனை சேக்கல் போனது என்று தோரா சொல்லவே இல்லை. திருத்திய வேலையின் கணக்கு மட்டும் கடைசிச் சேக்கல் வரை பதிவாகியிருக்கிறது.

முதல் பலகைகளின் துண்டுகளையும் எறிந்துவிடவில்லை என்பது, யூத அறிஞர்களான ரபிகளின் விவாதத் தொகுப்பான தல்மூதின் மரபு. முழுப் பலகைகளும் உடைந்தவையும் ஒரே பெட்டிக்குள் இருந்தன என்று அதன் பாபா பத்ரா பகுதியின் 14ஆ பக்கம் சொல்கிறது. பழைய கணக்கும் முழுதாக அடைபடவில்லை. "விசாரிக்கும் நாளில் அவர்கள் பாவத்தை விசாரிப்பேன்" என்ற 32:34-ஐ வைத்து, உலகத்துக்கு வரும் ஒவ்வொரு தண்டனையிலும் அந்தக் கன்றுக்குட்டிக்கான சிறு பங்கு ஒன்று சேர்ந்தே வருகிறது என்று தல்மூதின் இன்னொரு பகுதியான சன்ஹெத்ரின் 102அ-வில் ரபி இட்ஸ்ஹாக் சொல்கிறார்.

மோசே விட்ட சொற்கள்

வேவுகாரர் திரும்பிவந்த காதேசில் நிலைமை வேறு. மோசே இப்போது இரக்கத்தின் வாசகத்தைக் கடவுளுக்கே திருப்பிச் சொல்கிறார்: நீர் சொன்னபடியே உம் வல்லமை பெரிதாகட்டும். ஆனால் சீனாயில் கேட்டதை அப்படியே ஒப்பிக்கவில்லை. நிறையச் சொற்களை விட்டுவிடுகிறார். எவற்றை விட்டார் என்று பார்த்தால் அந்த மன்றாட்டின் உள்கணக்கு வெளிச்சமாகும்.

சீனாயில் இருந்தவை: கர்த்தர் என்ற பெயர் இரண்டு முறை, பிறகு இறைவன் என்ற சொல், இரக்கமுள்ளவர், கிருபையுள்ளவர், நீடிய பொறுமை, மிகுந்த 'ஹெஸெத்', அதாவது பந்தத்தைக் கைவிடாத அன்பு, 'எமெத்' என்ற உண்மை, ஆயிரம் தலைமுறைக்கு அந்த அன்பைக் காப்பது, அக்கிரமத்தையும் மீறுதலையும் பாவத்தையும் சுமப்பது, தண்டிக்காமல் விடாதது, தகப்பன்மாரின் அக்கிரமத்தைப் பிள்ளைகளிடமும் பிள்ளைகளின் பிள்ளைகளிடமும் விசாரிப்பது. காதேசில் மிஞ்சியவை: ஒரே ஒரு 'கர்த்தர்', நீடிய பொறுமை, மிகுந்த ஹெஸெத், அக்கிரமத்தையும் மீறுதலையும் சுமப்பது, தண்டிக்காமல் விடாதது, பிள்ளைகளிடம் விசாரிப்பது.

'உண்மை' போய்விட்டது. 13-ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் நாக்மானிதேஸ் இதற்கு எளிய விளக்கம் தருகிறார்: உண்மையின் அளவுகோலை எடுத்தால் இவர்கள் தேறமாட்டார்கள். 'பாவம்' என்ற மூன்றாவது சொல்லும் போய்விட்டது. எபிரேயத்தில் அந்தச் சொல்லைத் தெரியாமல் செய்த பிழைக்கும், 'அக்கிரமம்' என்ற சொல்லைத் தெரிந்தே செய்ததற்கும், 'மீறுதல்' என்ற சொல்லை எதிர்த்து எழுந்ததற்கும் உரியதாக ரபிகள் பிரித்துச் சொல்வார்கள். திராட்சைக்குலையை இரண்டு பேர் தடியில் கட்டிச் சுமந்துவந்து கண்முன்னே காட்டிய பிறகு, தெரியாமல் செய்தார்கள் என்று வாதாட வழியில்லை. கன்றுக்குட்டிக்காக மன்றாடியபோது "ஆபிரகாம், ஈசாக்கு, இஸ்ரவேலை நினைத்தருளும்" என்றவர், இங்கே முன்னோரின் பெயரையே எடுப்பதில்லை. அந்த முன்னோருக்கு வாக்களித்த தேசத்தைத்தானே பிள்ளைகள் வேண்டாம் என்கிறார்கள். அவர்கள் பெயரை எப்படி எடுப்பது என்பதும் நாக்மானிதேஸ் காட்டும் காரணம்.

இவை எல்லாம் விட்டவை. எனக்கு அதைவிடப் புதிராக இருந்தது விடாமல் வைத்துக்கொண்ட கடைசிப் பகுதி. கட்சிக்காரனுக்காக மன்றாடும் ஒருவர், சட்டத்தின் மிகக் கடுமையான பிரிவைத் தானே ஏன் வாசித்துக் காட்ட வேண்டும்? தண்டிக்காமல் விடமாட்டீர், மூன்றாம் நான்காம் தலைமுறைவரை விசாரிப்பீர் என்று எதற்காக நினைவூட்ட வேண்டும்?

உன் சொற்படியே, உங்கள் சொற்படியே

கடவுள் அப்போது சொல்லியிருந்தது கொள்ளைநோய். 14:12. ஒரே அடியில், அன்றைக்கே, பிள்ளைகளோடு சேர்த்து எல்லோரும். அந்த இடத்தில் நின்று கேட்டால், "பிள்ளைகளிடம் விசாரிப்பவர்" என்ற பகுதியின் ஒலி மாறிவிடுகிறது. விசாரிக்க வேண்டுமானால் பிள்ளைகள் உயிரோடு இருக்க வேண்டும். கடன் தள்ளுபடி செய்யும்படி மோசே கேட்கவில்லை. தவணை கேட்கிறார். நீடிய பொறுமைக்கு எபிரேயத்தில் 'ஏரெக் அப்பாயிம்' என்பார்கள். நேராகச் சொன்னால் நீளம் என்ற பொருள் அதிலேயே இருக்கிறது. கோபத்தை நீட்டி விடும், ஒரே நாளில் கொட்டாதேயும் என்பதுதான் மன்றாட்டு. வல்லமை பெரிதாகட்டும் என்று அவர் சொன்னதும் அழிக்கும் வல்லமையை அல்ல, அடக்கிக்கொள்ளும் வல்லமையை.

சன்ஹெத்ரின் 111-ஆம் தாளில் இதற்கு ஒரு அழகான முன்கதை உண்டு. மோசே மேலே போனபோது கடவுள் 'நீடிய பொறுமை' என்று எழுதிக்கொண்டிருந்தாராம். நீதிமான்களுக்கா என்று மோசே கேட்க, துன்மார்க்கருக்கும்தான் என்று பதில் வந்தது. துன்மார்க்கர் அழியட்டுமே என்றார் மோசே. பார், இது உனக்கே தேவைப்படும் என்றார் கடவுள். இஸ்ரவேலர் பாவம் செய்ததும் மோசே மன்றாட, நீதிமான்களுக்கு என்றுதானே நீ சொன்னாய் என்று கடவுள் கேட்டார். துன்மார்க்கருக்கும் என்று சொன்னவர் நீர் அல்லவா என்றார் மோசே. "நீர் சொன்னபடியே உம் வல்லமை பெரிதாகட்டும்" என்ற வசனத்தை ரபிகள் இதோடுதான் இணைக்கிறார்கள்.

இப்போது 'ஸலஹ்தி கித்வரேகா'வைத் திரும்ப வாசித்தால், 'கித்வரேகா' வெறும் சம்பிரதாயச் சொல்லாக ஒலிக்காது. உன் சொற்படியே: நீ என்ன கேட்டாயோ, எந்த அளவில் கேட்டாயோ, அதே அளவில். தவணை கேட்டாய், தவணை கொடுத்தேன். நாள் ஒன்றுக்கு ஆண்டு ஒன்றாக 40 நாளுக்கு 40 ஆண்டு. ஆகவே 'ஆனாலும்' என்ற சொல் மன்னிப்பைத் திரும்பப் பிடுங்கவில்லை. மன்னிப்பு எந்த வடிவத்தில் வரப்போகிறது என்பதை விரித்துச் சொல்கிறது.

எட்டு வசனம் தள்ளி இன்னொரு 'சொற்படி' இருக்கிறது. 14:28: "நீங்கள் என் காதுகள் கேட்கச் சொன்னபடியே உங்களுக்குச் செய்வேன்." அவர்கள் சொன்னது என்ன? அழுத இரவில், 14:2-இல் சொன்னது: "இந்த வனாந்தரத்திலே செத்துப்போயிருந்தால் நலமாயிருக்கும்." மோசே ஒன்று கேட்டார், மக்கள் ஒன்று கேட்டார்கள். ஒரே தீர்ப்பில் இரண்டு வேண்டுதலும் எழுத்துப் பிசகாமல் நிறைவேறுகின்றன. கொள்ளையாகப் போவார்கள் என்று அவர்கள் புலம்பிய பிள்ளைகள் மட்டும் அந்தச் சொல்லுக்குள் அடங்கவில்லை. அந்தப் பிள்ளைகளைத்தான் கொண்டுபோய்ச் சேர்ப்பேன் என்கிறது 14:31. இந்த இரண்டு சொற்படிகளும் சந்திக்கும் இடம்தான், என் பார்வையில், முழுத் தோராவிலும் மன்னிப்பைப் பற்றிய மிகக் கூரிய பகுதி.

இன்னொரு சொல்லும் இங்கே திசை மாறுகிறது. 'நோஸே அவோன்' என்பதைத் தமிழில் அக்கிரமத்தை மன்னிக்கிறவர் என்று வாசித்துப் பழகியிருக்கிறோம். 'நாஸா' என்றால் தூக்குவது, சுமப்பது. 14:18-இல் அக்கிரமத்தைச் சுமப்பவர் கடவுள். 14:33-இல் பிள்ளைகள் 40 ஆண்டு ஆடு மேய்த்துத் தகப்பன்மாரின் துரோகத்தைச் சுமப்பார்கள். 14:34-இல் "உங்கள் அக்கிரமங்களை நீங்கள் சுமப்பீர்கள்". மூன்று இடத்திலும் அதே வினை. கன்றுக்குட்டியின்போது சுமை பெரும்பாலும் ஒரு தோளுக்கு மாறியது. இங்கே அதைப் பங்கு பிரித்திருக்கிறது.

வெட்டுக்கிளிகள்

ஏன் இந்த வேறுபாடு? கன்றுக்குட்டி செய்தவர்கள் கடவுளை விட்டு ஓடவில்லை. மோசே காணாமல்போன பயத்தில் கைக்கெட்டும் கடவுள் வேண்டும் என்று தவித்தார்கள். வழி கேடானது, ஆசை நெருக்கத்தின் மேல்தான். அதனால்தான் ஆசரிப்புக்கூடாரம் என்ற மருந்து பலித்தது. செய்யப்பட்ட பொருளை அரைத்துப் பொடியாக்கவும் முடிந்தது. வேவுகாரர் சொன்னதில் அரைத்துப் பொடியாக்க என்ன இருக்கிறது? "எங்கள் பார்வைக்கு நாங்கள் வெட்டுக்கிளிகளைப் போல இருந்தோம், அவர்கள் பார்வைக்கும் அப்படியே இருந்தோம்." நோய் கண்ணில் இருக்கிறது. அடுத்த அதிகாரத்தின் முடிவில் ஆடையின் ஓரத்தில் தொங்கல்கள் கட்டச் சொல்லும் கட்டளையில், "உங்கள் இருதயத்தையும் கண்களையும் பின்பற்றி அலையாதிருக்க" என்ற இடத்தில் வரும் வினை, வேவுபார்க்க அனுப்பியபோது வந்த அதே 'தூர்' என்ற வினை.

இடைக்கால யூத மெய்யியலாளர் மைமோனிதேஸ் 'குழம்பியோருக்கான வழிகாட்டி' என்ற தம் நூலின் மூன்றாம் பகுதி, 32-ஆம் அதிகாரத்தில் சொல்வது இதற்குப் பொருந்தும். மண்ணும் செங்கல்லுமாய் அடிமை வேலையில் வளர்ந்தவன், கையைக் கழுவிய மறுநாளே ஏனாக்கின் புத்திரரோடு போர் செய்யப் போவது மனித இயல்பில் இல்லை. அடிமைத்தனத்துக்குப் பழகாத புதிய தலைமுறை வனாந்தரத்தில் வளர வேண்டியிருந்தது. இதை ஏற்றுக்கொண்டால் 40 ஆண்டு என்பது தண்டனைக் காலமாக மட்டும் இருக்காது. ஒரு மக்கள்கூட்டத்தின் கண் மாறுவதற்கு ஆகும் நேரமும் அதுதான்.

மறுநாள் காலையில் நடந்ததும் இதையே காட்டுகிறது. "பாவம் செய்தோம்" என்ற அறிக்கையோடு சேர்த்து, இதோ நாங்கள் போகிறோம் என்று மலையேறுகிறார்கள். முந்தைய நாள் சொன்ன கட்டளை, திரும்பிச் செங்கடல் வழியாய் வனாந்தரத்துக்குப் போவது. உடன்படிக்கைப் பெட்டி நகரவில்லை, மோசே நகரவில்லை. அமலேக்கியரும் கானானியரும் ஓர்மா வரை முறியடிக்கிறார்கள். அறிக்கை பொய் என்று சொல்லமாட்டேன். தீர்ப்பை ரத்து செய்யும் கருவியாக அதைப் பிடித்துக்கொண்டதுதான் கேடு. நேற்று போகச் சொன்னபோது போகவில்லை, இன்று போகாதே என்றபோது போகிறார்கள். அந்தப் பயமும் இந்தத் துணிச்சலும் ஒரே செவிட்டுத்தனத்திலிருந்து வருகின்றன.

'ஸலஹ்' என்ற வினைக்கு எபிரேய வேதாகமம் முழுவதிலும் எழுவாய் கடவுள் ஒருவரே. மனிதன் மனிதனை மன்னிக்கும்போது அந்தச் சொல் வருவதில்லை. அதன் உள்ளடக்கம் என்ன என்பதற்கு நெகேமியா 9-ஆம் அதிகாரம் நல்ல சாட்சி. 17-ஆம் வசனம் தலைவனை ஏற்படுத்தித் திரும்ப நினைத்ததைச் சொல்கிறது. 18-ஆம் வசனம் கன்றுக்குட்டியைச் சொல்கிறது. நம் இரண்டு கதைகளும் அடுத்தடுத்து. நடுவில், "நீரோ மன்னிப்புகளின் தேவன்" என்று தொடங்கி இரக்கத்தின் வாசகத்தைச் சொல்லி, முடிவு இப்படி: "அவர்களைக் கைவிடவில்லை." பிறகு மேகத்தூண் விலகவில்லை, மன்னா நிற்கவில்லை, ஆடை பழையதாகவில்லை, கால் வீங்கவில்லை. தீர்ப்பு ரத்தானது என்று எங்கும் இல்லை. சாகப்போகிறவர்களுக்கு 40 ஆண்டும் காலைதோறும் மன்னா விழுந்தது. மன்னித்தேன் என்றால் உன்னை விட்டுப் போகமாட்டேன் என்பதாக நான் இப்போது வாசிக்கிறேன்.

வெட்டி எடுத்த வசனங்கள்

ரபிகள் இந்த வாசகத்தை ஜெபமாக்கியபோது தாங்களும் வெட்டினார்கள். சீனாய் வாசகத்தில் 'வெநாக்கே லோ யெநாக்கே' என்று ஒரு தொடர். சேர்த்து வாசித்தால் 'தண்டிக்காமல் விடவே மாட்டார்'. ஸெலிஹோத் என்ற மன்னிப்பு வேண்டும் ஜெபங்களில் 'வெநாக்கே' என்பதோடு நிறுத்துவார்கள். அப்போது பொருள் 'குற்றம் நீக்கிச் சுத்தமாக்குவார்'. 13 பண்புகள் என்ற கணக்கு முடிவதும் அந்த வெட்டில்தான். தல்மூதின் யோமா பகுதி 86அ-வில் ரபி எலாசர் இரண்டு பாதியையும் காப்பாற்றுகிறார்: திரும்புகிறவர்களைச் சுத்தமாக்குவார், திரும்பாதவர்களைச் சுத்தமாக்கமாட்டார். இந்த வெட்டு வேதத்தில் கைவைப்பது போலத் தோன்றினால், காதேசில் நின்ற மோசேயைப் பார்க்க வேண்டும். மன்றாடுகிறவர் நிலைமைக்கேற்பச் சொற்களைத் தெரிந்தெடுக்கலாம் என்பதற்கு முதல் முன்மாதிரி அவரே. ரோஷ் ஹஷானா 17ஆ-வில் ரபி யோஹனான் இன்னும் துணிந்து சொல்கிறார்: கடவுளே சபையின் ஜெபத்தலைவனைப் போலப் போர்த்திக்கொண்டு நின்று, இஸ்ரவேலர் பாவம் செய்யும்போதெல்லாம் இந்த முறைப்படி செய்யட்டும், மன்னிப்பேன் என்று மோசேக்குக் காட்டினார்.

இந்த 13 பண்புகளைத் தனியாள் ஜெபமாகச் சொல்வதில்லை. பத்துப் பேர் கூடிய மின்யான் வேண்டும் என்பது யூதச் சட்டத் தொகுப்பான ஷுல்ஹான் அரூக்கின் விதி. தனியாகச் சொல்வதானால் தோரா வாசிக்கும் இராகத்தில் வாசிப்பாகச் சொல்லலாம். அந்தப் பத்து என்ற எண் எங்கிருந்து வந்தது? மெகில்லா 23ஆ சொல்லும் விடை என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடும். "இந்தப் பொல்லாத சபையை எதுவரை பொறுப்பேன்" என்று எண்ணாகமம் 14:27-இல் வருகிறது. பன்னிரண்டு வேவுகாரரில் யோசுவாவையும் காலேபையும் கழித்தால் பத்து. ஆகவே சபை என்றால் பத்து. கன்றுக்குட்டிக்குப் பிறகு அருளப்பட்ட வாசகத்தைச் சொல்வதற்கு, வெட்டுக்கிளிகள் என்று தங்களைச் சொல்லிக்கொண்ட அந்தப் பத்துப் பேரின் எண்ணிக்கை தேவைப்படுகிறது. இரண்டு கதைகளையும் இதைவிட இறுக்கமாக யாரும் முடிச்சுப் போட்டதில்லை.

நாட்காட்டியிலும் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. தல்மூதின் அடிப்படை நூலான மிஷ்னாவின் தானித் 4:6 கணக்கில் பலகைகள் உடைந்தது எபிரேய மாதமான தம்மூஸ் 17. தேசத்துக்குள் போகக் கூடாது என்று தீர்ப்பானது ஆப் 9. நடுவில் மூன்று வாரம் துக்க காலம். முதல் கதை, இரண்டாம் பலகைகள் வந்த திஷ்ரி 10-இல், அதாவது யோம் கிப்பூரில், போய் முடிகிறது. இரண்டாவதற்கு ரபிகள் வேறொரு முடிவு சொல்கிறார்கள். ஆண்டுதோறும் ஆப் 9 இரவில் எல்லோரும் குழி தோண்டி அதிலேயே படுப்பார்களாம். காலையில், உயிரோடிருப்பவர்கள் இறந்தவர்களிடமிருந்து பிரிந்து வாருங்கள் என்று அறிவிப்பு வரும். 40-ஆம் ஆண்டில் படுத்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். மாதக் கணக்கில் பிசகிவிட்டோமோ என்று அடுத்த இரவும், அதற்கடுத்த இரவும் குழியில் படுத்தார்கள். ஆப் 15-இல் முழு நிலவைப் பார்த்த பிறகே தீர்ப்பு முடிந்துவிட்டது என்று தெரிந்தது. அந்த நாள் இன்றும் மகிழ்ச்சி நாள்.

இரண்டாம் கணக்கெடுப்பு எண்ணாகமம் 26-இல். தொகை 6,01,730. காலேபும் யோசுவாவும் தவிரப் பழைய பெயர் ஒன்றுகூட இல்லை. ஆனால் மொத்தத்தில் குறைந்தது 1,820 பேர்தான். உன்னைப் பெரிய ஜாதியாக்குகிறேன், இவர்கள் வேண்டாம் என்ற யோசனையை மோசே மறுத்ததன் விளைவு அந்த எண்.

தீர்ப்பும் ஓர்மாவின் தோல்வியும் முடிந்த உடனே, இடையில் ஒரு வரிகூட ஆறுதல் சொல்லாமல், 15-ஆம் அதிகாரம் தொடங்குகிறது. "நான் உங்களுக்குக் கொடுக்கும் உங்கள் வாசஸ்தலமான தேசத்தில் நீங்கள் போய்ச் சேர்ந்தபின்பு" என்பது அதன் முதல் விதி. சேர்ந்தால் என்று அல்ல, சேர்ந்தபின்பு. எஸ்கோல் பள்ளத்தாக்கிலிருந்து தடியில் வந்த திராட்சைக்குலை பாளயத்தில் இன்னும் வாடிக்கூட இருக்காது. அதற்குள் அந்தத் தேசத்துத் திராட்சரசத்தை எவ்வளவு வார்க்க வேண்டும் என்று கடவுள் அளவு சொல்லிக்கொண்டிருக்கிறார்: ஆட்டுக்குட்டியோடு ஒரு ஹின்னில் கால், ஆட்டுக்கடாவோடு மூன்றில் ஒன்று, காளையோடு அரை.